ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் செலக்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். பாட்டுக் கேட்க ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், படம் பார்க்க ஒரு ஏவி ரிசீவர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஜோடி ஸ்பீக்கர் என்று வைத்திருப்பவர்கள் பலர். இரண்டையும் எப்படி இணைப்பது என்று உங்கள் கையேடுகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இரண்டின் வயர்களையும் ஸ்பீக்கரின் அதே முனைகளில் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது வெளியீட்டு முனைகளில் அது மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் குறைவு. 10 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 1.25 ஆம்பியர்தான்; அதே முனைகளில் இன்னோர் ஆம்ப்ளிஃபயரும் இயங்கிக்கொண்டிருந்தால், வயரின் தடையையும் சேர்த்து மொத்தம் அரை ஓம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அதனுள் 20 ஆம்பியர் பாயப் பார்க்கும். பாதுகாப்புச் சுற்று முந்திக்கொள்ளாவிட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கருகிவிடும். ஒன்றை அணைத்து வைத்தால் போதும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அணைத்ததும் ரிலே துண்டித்துவிடும் என்று எல்லா ஆம்ப்ளிஃபயரையும் நம்ப முடியாது. பை-ஆம்பிங் செய்பவர், அதாவது ஒரே ஸ்பீக்கரின் தாழ், உயர் ஒலிப் பகுதிகளைத் தனித்தனி ஆம்ப்ளிஃபயரால் இயக்குபவர், அவ்விரு பகுதிகளின் முனைகளைப் பின்னால் இணைக்கும் உலோகப் பட்டைகளைக் கழற்ற மறந்தாலும் இதே கதிதான்.

செலக்டர் தயாரிப்பவர்களிடம் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. ஓர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் செலக்டர் பெட்டியைத் திருப்பிப் போட்டு, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே ஜோடி ஸ்பீக்கருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கப் பயன்படுத்துவோர் உண்டு; அதில் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்த முடியுமானால், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஆகவே, ஓர் இணைப்பு முழுதாக விட்ட பிறகே அடுத்தது தொடும்படியும், நேர்முனையோடு எதிர்முனையையும் சேர்த்தே மாற்றும்படியும் ஸ்விட்சை அமையுங்கள். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களில் எதிர்முனையிலும் சிக்னல் ஓடுவதால், எதிர்முனைகளை ஒன்றாகக் கட்டிய பெட்டி அவற்றுக்கு ஆகாது. வால்வ் ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் போன்ற சுமை ஏதுமின்றி இயங்க விடலாகாது என்பதால், ஸ்பீக்கர் துண்டிக்கப்படும்போது அதன் இடத்தில் நிற்க ஒரு சுமைத் தடையமும் தேவை. இவற்றில் எது உண்டு, எது இல்லை என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

இருப்பதிலேயே நல்ல வழிக்கு ஸ்விட்சே வேண்டாம். ரிசீவரின் முன் சேனல் ப்ரீ-அவுட்டை (பெருக்குமுன் சிக்னலை வெளியே தரும் முனை) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் பைபாஸ் உள்ளீட்டில் (அதன் வால்யூம் கட்டுப்பாட்டைத் தவிர்த்துச் செல்லும் உள்ளீடு) செருகினால், ஸ்பீக்கரோடு எப்போதும் ஓர் ஆம்ப்ளிஃபயர்தான் இணைந்திருக்கும். படம் ஓடும்போது வால்யூமை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். யாரும் தொடாத ஒலி மோடுகள் வரிசைகட்டி நிற்கும் ரிசீவரில், இரண்டு ப்ரீ-அவுட் முனைகளுக்கு மட்டும் இடமில்லாமல் போவது விந்தைதான். விலை குறைந்த மாடல்களிலும் அவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்