ராஜலட்சுமி அம்மாவ நம்ம பிள்ளைங்களுக்கு யார் சொல்றது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பினாங்குலேர்ந்து எழுதுறேன். போன வாரம் எங்க மக தமிழ்ப்பள்ளி ஃபோல்டர் ஒர்க்குக்கு "தமிழ்ல முதல் ஹீரோயின் யாரும்மா"ன்னு கேட்டா. லிட்டில் இந்தியால சாமான் வாங்க போனப்போ கடைக்காரங்க நாலு பேர்ட்ட கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல, மனசு கஷ்டமா போச்சு.

டி.பி. ராஜலட்சுமிங்க. திருவையாத்துல 1911ல பொறந்தவங்க. சின்ன வயசுலயே கல்யாணம், அது நிலைக்கல, அப்புறம் குடும்பத்தக் காப்பாத்த நாடகத்துல சேந்து, ஊமைப்படத்துலயும் நடிச்சாங்க. அந்தக் காலத்துல நல்ல வீட்டுப் பொண்ணு மேடை ஏறுனாலே ஊர் என்னல்லாம் பேசும், நெனச்சுப் பாருங்க. பேச்சே இல்லாம முகத்தால மட்டும் நடிக்கறதும் லேசுப்பட்ட வேலையா?

படம் பேச ஆரம்பிச்சதும் ஊமைப்பட ஆளுங்க பல பேர் காணாம போனாங்க, இவங்க நாடகத்துல பாடிப் பழகுனவங்க, அதனால 1931ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ்ல இவங்கதான் கதாநாயகி. இவங்க தமிழ்ல பேச ஹீரோ தெலுங்குல பதில் சொல்வாராம்! அதுலயே காந்தியோட ராட்டையப் பத்தியும் பாடுனாங்க, வெள்ளக்காரன் ஆட்சியில. 1936ல மிஸ் கமலா படத்த இவங்களே எழுதி டைரக்ட் பண்ணி நடிச்சாங்க, தமிழ்ல முதல் பெண் டைரக்டர். காளிதாஸ் பிரிண்ட் ஒன்னுகூட மிஞ்சல, அதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

உங்க ஞாயிறு பதிப்புல இவங்களப் பத்தி போட்டோவோட ஒரு பக்கம் போடுங்க ஐயா. என் மக வெட்டி ஃபோல்டர்ல ஒட்ட காத்துக்கிட்டிருக்கா.

ஒரு வாசகி, பினாங்கு