பூங்காவில் ஓர் ஊற்றுக்கல்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. தெருவிளக்கு, குப்பை வண்டி நேரம், மழைக்கு முன் வடிகால் தூர்வாரியது எல்லாம் கூட்டக் குறிப்புகளில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பூங்காவில் நாம் அமைத்த ஊற்றுக்கல்லை, அதாவது நடுவில் துளையிட்டு உச்சியில் தண்ணீர் பொங்கி வழியவிட்ட பாறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தெருவில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது கிளம்பிய பாறை அது. மூன்றடி உயரம், எடை அறுநூறு கிலோவுக்குக் குறையாது. உடைத்து ஜல்லியாக்க இருந்தார்கள். நாம் கேட்டு வாங்கினோம். நம் பல்லாவரத்துப் பாறைக்கு உலக நிலவியலில் தனிப் பெயரே உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர். பரங்கிமலையில் இந்தப் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவே காக்கப்படுகிறது. அப்படிப்பட்ட கல் நம் காலடியில் கிடைத்திருக்கும்போது ஜல்லிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "2019ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன தெரு இது. இங்க ஊற்று எதுக்குங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் குளம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தரைக்கு அடியில் 300 லிட்டர் தொட்டி, அதன் மேல் கம்பி வலை, அதற்கு மேல் கூழாங்கல். மோட்டார் ஏற்றும் தண்ணீர் கல்லின் உச்சியில் பொங்கி, மேனியெல்லாம் வழிந்து, கூழாங்கல் வழியாகத் திரும்பத் தொட்டிக்கே போய்விடும். கல்லின் பாரம் வலையில் இறங்கக் கூடாது என்று தொட்டிக்குள்ளேயே செங்கல் தூண் கட்டினோம்.

தண்ணீர் ஏறக் கல்லின் நடுவே துளை போடுவதுதான் பெரிய வேலை. கோர் கட்டிங் ஆட்கள் வைர முனை வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மேலிருந்து பாதி, பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கில் கல்லைப் புரட்டிக் கீழிருந்து பாதி என்று ஒன்றரை நாள் குடைந்தார்கள். வெளியே வந்த உருளைத் துண்டு சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், கருஞ்சாம்பல் நிறத்துக்கு நடுவே குவார்ட்ஸ் மணிகள் லேசாக நீலம் காட்டும்.

முதல் நாளே ஒரு தவறு நடந்தது. மோட்டாரை முழு வேகத்தில் விட்டோம். தண்ணீர் பீய்ச்சியடித்துத் தொட்டிக்கு வெளியே சிதறியது. சாயங்காலம் பார்த்தால் தொட்டி காலி, வெறுமனே ஓடிய மோட்டார் எரிந்துபோயிருந்தது. அப்புறம் குழாயில் 'டீ' என்னும் மூவழி இணைப்பு ஒன்றைப் போட்டு, மிகுதித் தண்ணீர் தொட்டிக்கே திரும்பும்படி கேட் வால்வு வைத்தோம். தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்த மிதவை சுவிட்சும் உண்டு. இப்போது உச்சியில் உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடிக் குமிழ் போல எழும்பி, சத்தமில்லாமல் வழிகிறது.

போர்வெல் தண்ணீர் ஊற்றியதில் இரண்டே மாதத்தில் கல்லில் வெள்ளைப் படிவம் ஏறிவிட்டது. வினிகரில் தேய்த்துச் சுத்தம் செய்தபின், மழைநீரும் வீடுகளின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டுமே விடுகிறோம். மே மாதத்தில்கூட ஆவியாவது நாளுக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான். 40 வாட் மோட்டார் காலையும் மாலையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்.

கொசுவைப் பற்றிய பயமும் சரியானதே. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால் கூழாங்கல்லுக்கு அடியில் கொசு வலை விரித்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறோம். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். மறுபடி நிரப்பப் போதுமான ஏசி தண்ணீர் கோடையில் தாராளமாகச் சேர்கிறது, மற்ற மாதங்களில் சேர்வதில்லை. அதற்கு மழைநீர்த் தொட்டி ஒன்று இந்த ஆண்டு வேண்டும். தீர்மானம் இன்றைய நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது.

கேள்வி கேட்ட அந்த மூத்த உறுப்பினர் இப்போது சனிக்கிழமை முறையில் முதல் ஆளாக வந்து நிற்கிறார். அவரோடு சேர்த்து மூன்று பேர்தான் இருக்கிறோம். இன்னும் நான்கு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்