இருபத்தைந்தாயிரம் வித்தியாசம்

விசுவமடு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகன்,

கேம் விளையாடுகிற கொம்பியூட்டர் வாங்கவென்று தங்கச்சிக்கு நீ அனுப்பிய இரண்டு விலைக் கொட்டேசனையும் அவள் எனக்குக் காட்டினாள். கீழே “அப்பாட்டையும் ஒருக்கால் கேள்” என்று எழுதியிருந்தாய். அவள் வாசித்துச் சொன்னாள். பிறகு நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் வாசித்தேன். சரி, கேட்டாய், சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் நீ “சரியப்பா, சரியப்பா” என்று ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அறுவடை முடிந்தது. மூன்று ஏக்கரையும் மெஷின்காரன் ஒரு பகலில் வெட்டித் தந்துவிட்டான். சிவலை கன்று போட்டிருக்கிறது, நாம்பன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மிச்சப் புதினம் கடைசியில் எழுதுகிறேன்.

கொட்டேசனுக்கு வருவோம். ஒன்று 2 இலட்சத்து 40 ஆயிரம், மற்றது 2 இலட்சத்து 65 ஆயிரம். நீ முதலாவதைத்தான் வாங்க நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதன் படத்தைத்தான் மேலே போட்டிருந்தாய். கண்ணாடிப் பெட்டி, நாலு ஃபேன், நாலிலும் கலர் கலராய் லைட். வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சோடித்த மாதிரி இருக்கிறது. அங்கே அம்மனுக்கு உப்புத் தண்ணீரிலேயே விளக்கு எரிகிறது, அதற்கு யாரும் கொட்டேசன் தருவதில்லை. இந்தக் கடைக்காரர் லைட்டுக்குப் போட்ட காசை வேறு எங்கோ மிச்சம் பிடித்திருப்பார். எங்கே பிடித்தார் என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

வியாழக்கிழமை கிளிநொச்சிக்குப் போனேன். மோட்டாருக்கு பெல்ட் எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். கொம்பியூட்டர் கடையில் ஒரு பெடியன் நின்றான், பரந்தன் பக்கம், உன்னைவிட நாலைந்து வயது குறைவு. “ஐயா என்ன தேடுறியள்?” என்றான். மகனுக்கு என்றேன். “ஸ்கூலோ?” என்றான். “இல்லை, கொழும்பிலை எக்கவுண்டன்ட்” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

நல்ல பெடியன். உன் முதலாவது கொட்டேசனைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “கிராபிக்ஸ் கார்ட் 3050 எண்டு இருக்கு, 6 ஜி.பி.யோ 8 ஜி.பி.யோ?” உன் தாளில் அது இல்லை. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற கார்ட் அது, ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறதாம். 2022இல் வந்தது 8 ஜி.பி., அது 130 வோட் இழுக்கும். 2024இல் வந்தது 6 ஜி.பி., அது 70 வோட். நினைவகம் மட்டும் குறைவில்லை, உள்ளே இருந்து கணக்குப் போடுகிற கோர்களும் குறைவு. அதற்குத் தனியாக கரண்ட் வயர்கூடத் தேவையில்லை, போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை, அதில் எந்தச் சொத்தியையும் கடைக்காரர் மாட்டிவிடலாம் அல்லவா? எனக்கு அங்கேதான் பொறி தட்டியது.

இரண்டாவது கொட்டேசனில் இருக்கிற ஆர்.எக்ஸ் 6600 கார்ட், இந்த இரண்டு 3050ஐயும்விடப் பலமானது என்றான். வெளிச்சம் தெறிப்பதை அப்படியே காட்டுகிற ஏதோ ஒரு வேலைக்கு மட்டும் மற்றக் கொம்பனியின் கார்ட் திறமாம். அது உனக்கு விளங்கும், எனக்குத் தேவையில்லை. மூளையாக வேலை செய்கிற ப்ரொசெசர், ரைசன் 5600, ஐ5 12400எஃப் இரண்டும் ஆறு கோர்தான், அதில் மண்டையைப் போட்டு உடைக்காதே. இரண்டிலும் தனியாகப் படம் காட்டுகிற வசதி இல்லை, கார்ட் போனால் திரை இருட்டுத்தான்.

ராமை, கொம்பியூட்டரின் நினைவகத்தைக் கேட்டாயா? 16 ஜி.பி. என்றால் ஒரே துண்டா, எட்டு எட்டாக இரண்டா? ஒரே துண்டு போட்டால் ஒற்றை மாட்டுத் திருக்கல், இரண்டு போட்டால் இரட்டை மாட்டு வண்டி. இரண்டாவது தாளில் 8 + 8 என்று போட்டிருக்கிறார்கள். முதலாவதில் 16 என்று மட்டும். எழுதாமல் விட்ட இடமெல்லாம் சந்தேகப்படவேண்டிய இடம்.

அந்தக் கடையிலேயே 95 ஆயிரத்துக்கு ஒரு ‘ஐ7 கேமிங்’ நின்றது. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. பெடியனே மெல்லச் சொன்னான், மூன்றாம் தலைமுறை, 2012ஆம் ஆண்டுச் சாமான், எங்கோ ஆபீஸில் கழித்தது என்று. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கில் எடுப்பார்களாம், விண்டோஸ் 10ஐ 2025 ஒக்டோபரோடு கைவிட்டுவிட்டார்கள். ரக்டர் என்று சொன்னால் எந்த வருடத்து ரக்டர் என்று கேட்காமல் வாங்குவோமா? ஐ7 என்பதும் அப்படித்தான். பாவித்த கிராபிக்ஸ் கார்ட் மலிவாய் வருகிறது என்று யாரும் சொன்னால் அதையும் யோசி. எதீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்ட்களை ஓடவிட்டுத் தோண்டுவது 2022 செப்டெம்பரோடு நின்றது, அதுவரை இரவு பகலாய் உழைத்த கார்ட்கள்தான் அதற்குப் பிறகு சந்தைக்கு வந்தன. நித்திரை இல்லாமல் உழைத்தது எதுவும் கனநாள் நிற்காது.

நித்திரை என்றதும் ஞாபகம் வந்தது. விடிய மூன்று மணிக்கும் நீ ஒன்லைனில் நிற்பதாய்த் தங்கச்சி சொல்கிறாள். அவள் அந்த நேரம் ஏன் முழித்திருக்கிறாள் என்று அவளுக்கும் பேச்சு விழுந்தது. நேரத்துக்குச் சாப்பிடு. பாணும் சம்பலும் சாப்பாடில்லை. மாமியின் மூத்தவன் போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரையில் உன்னைக் கண்டானாம். லீவு எடுத்திருப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்கு லீவு இல்லை என்றாய், அதனால் சொன்னேன், அவ்வளவுதான்.

சரி. பவர் சப்ளை.

முதலாவது தாளில் ‘500 வோட்’ என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டாவதில் பெயர் இருக்கிறது, 550 வோட், 80 பிளஸ் ப்ரொன்ஸ், ஐந்து வருட வாரன்டி. அந்த 25 ஆயிரத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. பெடியனிடம் கேட்டு, பெயரில்லாத ஒன்றையும் பெயருள்ள ஒன்றையும் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று சீமெந்துக் கல்லு, மற்றது வெறும் தகரப் பேணி. பிறகு லேபலை வாசித்தேன். 500 என்று பெரிய எழுத்தில் இருக்கும், அதை விடு. 12 வோல்ற் என்ற கட்டத்தில் எத்தனை அம்பியர் என்று பார். அந்தப் பேணியில் 18 அம்பியர் போட்டிருந்தது. பன்னிரண்டால் பெருக்கு, 216 வோட். ஆர்.எக்ஸ் 6600 கேம் விளையாடும்போது 132 கேட்கும், ரைசன் எழுபதுக்கு மேல் கேட்கும். அதற்கே மூச்சு முட்டிவிடும். 500 என்பது வெறும் ஸ்டிக்கர். நல்லதில் அதே கட்டத்தில் 40 அம்பியருக்கு மேல் இருந்தது. 80 பிளஸ் என்று இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, அது கரண்டை வீணாக்காத கணக்குத்தான். ஆனால் யாரோ ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

இது உனக்கு அலுப்பாக இருக்கும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு டோர்ச் பற்றறிக்குக்கூட வழியில்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ கேட்டவன் நான். பெரியவன்தான் பெடல் சுற்றுவான், நீ ஏணையில். அவன் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கம்மும், “சுத்தடா” என்று நான் கத்துவேன், குரல் திரும்ப எழும்பும். கரண்ட் ஒரு சீராய் வராவிட்டால் எந்தச் சாமானும் சரியாய் வேலை செய்யாது என்று அந்த டைனமோவில்தான் படித்தேன். பெரியவனைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. விடு.

அந்தக் கடையில் பேணியைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து பரணில் ஏறி அதை இறக்கினேன். இப்போது முன்னால்தான் இருக்கிறது.

2013ஆம் ஆண்டு. சுவிஸ் மாமா உனக்குக் கொம்பியூட்டர் வாங்க அனுப்பிய 60 ஆயிரம். நான் வவுனியாவில் 28 ஆயிரத்துக்குப் பாவித்த ஒன்றை எடுத்து வந்ததும், மிச்சம் லான்மாஸ்டர் கை ரக்டரின் லீசிங்குக்குப் போனதும் உனக்குத் தெரியும். ஒரு நாளும் நீ அதைக் கேட்டதில்லை. மூன்றாம் கிழமை, இரவு, கூட்டாளிப் பெடியனோடு கார் ஓடுகிற கேம் விளையாடிக்கொண்டிருந்தாய். டப் என்று சத்தம், பிறகு அந்த மணம். நான் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து, கேம் விளையாடி எரித்துப்போட்டாய் என்று, அந்தப் பெடியனுக்கு முன்னால் உன்னை அடித்தேன். நீ “நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா” என்று ஒருதரம்தான் சொன்னாய்.

அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அதைக் கழற்றினேன். கண்டென்சர் இரண்டின் தலையும் ஊதி வெடித்திருந்தது. அது பரவாயில்லை, எல்லாவற்றிலும் நடக்கும். கரண்ட் உள்ளே வருகிற வாசலில் இரண்டு சுருள் இருக்கவேண்டும். போர்டில் அதற்கு இடம் விட்டு, இலக்கமும் அடித்திருந்தது. சுருள் இல்லை. இரண்டு துண்டுக் கம்பியை வளைத்து ஈயம் வைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சுருள் சுற்றினவன் நான், எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. கேம் விளையாடாமல் நீ கணக்குச் செய்திருந்தாலும் அது ஒரு மாதம் தாண்டியிராது. வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, மலிவு என்றதும் கண் மறைத்துவிட்டது.

மூடியைத் திரும்பப் பூட்டிப் பரணில் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. மாமா போனில் கேட்டபோது, பெடியன் கேம் விளையாடி எரித்துவிட்டான் என்றுதான் சொன்னேன். நீ அப்போது பக்கத்தில் நின்றாய். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை, செருப்புக்கூட. கணிதம் எடுப்பாய் என்று சேர் சொன்னார், நீ கொமர்ஸ் எடுத்தாய். இதனால்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு “அப்பாட்டையும் ஒருக்கால் கேள்” என்று எழுதியிருக்கிறாய்.

இரண்டாவதை எடு. 25 ஆயிரத்தை நாளைக்கு உன் கணக்கில் போடுகிறேன், நெல் விற்ற காசு, கடன் இல்லை. காசு உன்னிடம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பாதே. மிச்சம் 2 இலட்சத்து 40 எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. வேலை இல்லாமல் இருந்தாலும் சொல்லலாம். இல்லை, வேலை இருக்கும், நான் சும்மா எழுதுகிறேன். காசு முடையாய் இருந்தால் வாங்குவதையே கொஞ்சம் தள்ளிப்போடு, கொம்பியூட்டர் ஓடிவிடாது. அந்த 25ஐ மட்டும் வைத்துக்கொள்.

வாங்கினால் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல். தயங்காதே. பவர் சப்ளையின் லேபல், ராம் எத்தனை துண்டு, கார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது, மூன்றையும் உன் கண்ணால் பார். பில்லில் பவர் சப்ளையின் பெயரையும் எழுதச் சொல், வாரன்டிக்குப் போகும்போது அதுதான் கதைக்கும். திரையின் வயரைப் போர்டில் குத்தாதே, கார்ட்டில் குத்து. பவர் சப்ளையைப் பார். இரண்டுதரம் சொல்லிவிட்டேன்.

இங்கே கொண்டுவருவதென்றால் பஸ்ஸில் மேல் தட்டில் போடாதே, மடியில் வை, இல்லாவிட்டால் யாழ்தேவியில் வா. கார்ட்டைக் கழற்றி அது வந்த பெட்டியிலேயே தனியாக வைத்துக் கொண்டுவா, மாட்டியபடி கொண்டுவந்தால் குலுங்கிச் சொருகின இடம் உடையும். மில்லில் மோட்டார் போடுகிற நேரம் இங்கே வோல்ற்றேஜ் விழும், அதற்கு ஸ்டெபிலைசர் நான் பார்த்து வைக்கிறேன். பின்னறை வெறுமையாய்த்தான் இருக்கிறது. போனுக்கு 4ஜி இப்போது முற்றத்துக்கு ஓடாமலே இழுக்கிறது.

லேபல் படத்தை எனக்கே அனுப்பு, தங்கச்சிக்கு வேண்டாம். வாட்ஸ்அப் எனக்கும் பார்க்கத் தெரியும். நானும் இப்போது நேரத்துக்குப் படுப்பதில்லை. மூன்று மணி என்றாலும் அனுப்பு.

அப்பா