ஜெபக் குறிப்பேட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஜூன் 2024 – மே 2025)

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், ஈரோடு, பவானி, பெருந்துறை, கோபிப் பக்கமிருந்து வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆலய வளாகத்தில் கூடினோம். மே மாதம் கூட்டம் இல்லை. காரணத்தை வெயிலிடம் கேட்டுக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஜெபத்தை எழுதும் வேலை எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நோட்டு

இந்த ஆண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி 192 பக்கக் கோடு போட்ட கட்டு நோட்டு. தனித் தாளில் எழுதினால் வேதாகமத்துக்குள் செருகி வைத்து மறந்துபோகிறது. டைரி வாங்கினால் தேதி அச்சிட்டிருக்கும். நாலு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்களே குற்றம் சாட்டி ஐந்தாம் நாளும் எழுத விடாது. தேதியில்லாத நோட்டில் விட்ட இடம் தெரியாது. தேதியையும் வேதபகுதியையும் நாமே மேலே போடுகிறோம்.

நோட்டை விரித்தால் இடப்பக்கம் அன்றைய ஜெபத்துக்கு. வலப்பக்கம் காலியாக விட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு விரிப்பு என்றால் நோட்டு ஏறத்தாழ மூன்று மாதம் வரும். முதல் ஒற்றைப் பக்கத்தில் இந்த நோட்டு யார் கைக்குப் போகலாம், யார் கைக்குப் போகக் கூடாது என்று எழுதுகிறோம். கடைசி ஒற்றைப் பக்கம் திருப்பிப் பார்க்கும் நாளுக்கு.

முதல் மூன்று மாதம் வலப்பக்கத்தைக் காலியாக விட வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ‘இத்தனை தாள் சும்மா போகுதுங்களே’ என்று அதில் பால் கணக்கு எழுதியவர்கள் உண்டு. நம்மூர்ச் சிக்கனம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் பயன் பின்னால்தான் தெரியும்.

நேரம் 20 நிமிடம். முதல் 5 நிமிடம் பகுதியை வாய்விட்டு வாசிப்பது. அடுத்த 5 நிமிடம் அதில் ஓரிரு வசனத்தைக் கையால் பார்த்தெழுதுவது. 7 நிமிடம் ஜெபத்தை எழுதுவது. கடைசி 3 நிமிடம் பேனாவை மூடிவைத்து அமர்ந்திருப்பது. அதிகம் பேர் விட்டுவிடுவது இந்தக் கடைசி மூன்று நிமிடத்தைத்தான். பக்கம் நிறைந்ததும் ஜெபம் முடிந்துவிட்டது போல ஒரு திருப்தி வந்துவிடுகிறது. நன்றாக எழுதிவிட்டோம் என்று தோன்றும் நாளில் அது இன்னும் மோசம். அன்றைக்கு மூன்றை ஐந்தாக்கிக்கொள்வது நல்லது.

எந்தத் தமிழில்

ஆண்டு முழுவதும் எங்களைத் துரத்திய கோளாறு ஒன்றுதான். நோட்டைத் திறந்ததும் பேனா மைக்கைப் பிடித்துவிடுகிறது. ‘அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடானகோடி ஸ்தோத்திரம்’ என்று தொடங்கி அரைப்பக்கம் ஓடும். அதற்குள் எழுத உட்கார்ந்த காரணம் ஆறிப்போயிருக்கும். சபையில் அந்த வாசகத்துக்கு வேலை உண்டு. பல பேரை ஒரு நினைவுக்குக் கொண்டுவருகிறது. தனி நோட்டிலோ அதை இழுத்துவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

ஆகஸ்ட் முதல் ஒரு விதி வைத்தோம்: முதல் வாக்கியத்தில் அன்றைக்குக் கை தொட்ட ஒரு பொருளோ, கண் பார்த்த ஒரு முகமோ இருக்க வேண்டும். பயிற்சிக்காகப் பலகையில் எழுதிக்காட்டியது இது.

பழைய வரி: ‘ஆண்டவரே, எனக்குப் பொறுமையைத் தாரும்.’

மாற்றிய வரி: ‘மத்தியானம் பாவு அறுந்துச்சுங்க. முடிச்சுப் போட வந்த பையன் மேல எரிஞ்சு விழுந்தேன். அவன் சோறு திங்காமப் போயிட்டான். நாளைக்கு அவன் மூஞ்சியில முழிக்கோணும் ஆண்டவரே, என்னன்னு சொல்றதுங்க?’

முதல் வரியை யாரும் எந்த நாளும் எழுதலாம். இரண்டாவதை அந்த ராத்திரி, அந்தத் தறிக்காரர் மட்டுமே எழுத முடியும். மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு சர்ச்சை எழுந்தது. ஆண்டவரிடம் வீட்டுப் பேச்சில் பேசுவது மரியாதைக் குறைவு என்று மூத்தவர்கள் சிலர் வருந்தினார்கள். நம் வேதாகமத்தின் ‘நீர்’ காதில் ஊறிய சொல். அதை விட்டுவிட்டு ‘நீங்க’ என்று எழுதக் கை கூசுகிறது என்றார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். மறுபக்கம், வீட்டில் யாரையும் நாம் ‘நீர்’ என்று அழைப்பதில்லை. கொங்குப் பேச்சிலோ, தொட்டில் குழந்தையையும் ‘வாங்க கண்ணு’ என்போம். ‘ங்க’ போட்ட பேச்சில் மரியாதைக்கு என்ன குறை? செயற்குழு இதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. ஒன்றை மட்டும் கட்டாயமாக்கினோம்: ‘நீர்’ ஆகட்டும், ‘நீங்க’ ஆகட்டும், ‘அவர்’ ஆகக் கூடாது. ‘கர்த்தர் நல்லவர், அவர் நம்மை நடத்துகிறார்’ என்று பேனா திரும்பிய இடத்தில் ஜெபம் நின்று பிரசங்கம் ஆரம்பித்திருக்கும். அந்த வரியை அடிக்காமல், அதற்குக் கீழே முன்னிலையில் திருப்பி எழுத வேண்டும். புனித அகஸ்டின் சுமார் 397-இலிருந்து 400-க்குள் 13 பாகங்களில் தம் வாழ்க்கையை எழுதினார். பதினாறு வயதில் பேரிக்காய் திருடிய குற்றம்கூட அதில் ஆண்டவரை நோக்கி, ‘நீர்’ என்று அழைத்தே சொல்லப்படுகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த முன்னிலையை மட்டுமே.

13ஆம் சங்கீதம்

செப்டம்பர், அக்டோபர் கூட்டங்கள் முழுவதும், வேதாகமத்தின் பாடல் புத்தகமான சங்கீதத்திலுள்ள இந்த ஆறு வசனங்களுக்கே போயின. முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. முறையீட்டில் ‘எதுவரைக்கும்’ நாலு முறை வருகிறது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று ஒருவர் கேட்டதை வேதமாகவே வைத்திருக்கிறோம். நம் நோட்டில் அப்படி ஒரு வரி எழுதப் பயப்படுகிறோம்.

பயிற்சி எளிது. பக்கத்தை மூன்றாக மடித்து, முதல் மடிப்பில் நாலு ‘எதுவரைக்கும்’ எழுத வேண்டும். பெரும்பாலும் இரண்டு எழுதியதும் நேராக ஐந்தாம் வசனத்துக்குத் தாவி, ‘ஆனாலும் நீர் நல்லவர்’ என்று முடித்துவிடுகிறோம். மூன்றாவதும் நாலாவதும்தான் கடினம். முதல் இரண்டில் ஊரறிந்த கஷ்டம் வரும். கடன், உடம்பு, பிள்ளை கல்யாணம். அதற்கு அப்புறம் வருவது யாரிடமும் சொல்லாதது. மூன்றாம் மடிப்பு அன்றைக்கு நிரம்பாவிட்டால் காலியாகவே விடலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் சங்கீதம்தான்.

லெந்து காலம்

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். 2025 மார்ச் 5, சாம்பல் புதன் தொடங்கி ஏப்ரல் 19 வரை, ஞாயிறுகள் நீக்கி 40 நாட்கள். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகள். அடுத்து 120 முதல் 134 வரை ஆரோகண சங்கீதங்கள் 15. ஆக 37 நாள், பரிசுத்த வாரத்துப் புதன்கிழமையோடு சரியாக முடிந்தது. மீதி மூன்று நாள், பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி, வாசிப்பு மட்டும், எழுத்து இல்லை. இந்தக் கணக்கு இவ்வளவு பொருத்தமாய் அமையும் என்று திட்டம் போட்டபோது நாங்களே நினைக்கவில்லை.

ஒன்பது, பத்தாம் நாளில் சலிப்பு தட்டியது. வேதம், சாட்சி, கட்டளை, பிரமாணம், நியாயம், வசனம் என்று எட்டு வரியும் ஒன்றையே சொல்வது போலிருக்கும். மருந்தாக, அந்தச் சொல் வரும் இடத்தை மட்டும் பென்சிலால் கோடிட்டு, மீதி வரியில் என்ன வினை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம். காத்திருந்தேன், வைத்துவைத்தேன், ஓடுவேன், மறவேன். சங்கீதக்காரர் என்ன செய்கிறார் என்பது வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

83ஆம் வசனத்தில் எல்லாருடைய கையும் நின்றது. ‘புகையிலுள்ள துருத்தியைப்போலானேன்.’ துருத்தி என்றதும் நமக்குக் கொல்லுப்பட்டறைதான் கண்ணில் வரும். காற்று ஊதும் துருத்தி, பக்கத்தில் புகை. பாதிப் பேர் ‘ஊதி ஊதிக் களைத்துப்போனேன்’ என்று ஜெபம் எழுதியிருந்தார்கள். இங்கே துருத்தி என்பது திராட்சரசம் ஊற்றிவைக்கும் தோற்பை. புகையில் தொங்கினால் காய்ந்து, கறுத்து, சுருங்கிப்போகும். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிணறு வற்றிய வருஷம் சாலில் கட்டிய தோல் என்ன ஆகும் என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொன்னார்கள். வாசித்துக்கொண்டே போயிருந்தால் யாரும் இந்தச் சொல்லில் நின்றிருக்க மாட்டோம். பார்த்தெழுதச் சொல்வது இதற்காகத்தான். போனில் இருந்து வசனத்தை நகலெடுத்து ஒட்டுவதை இந்த வட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

வலப்பக்கம்

பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) ஒரு பக்கம் விண்ணப்பத்தையும் தேதியையும், எதிர்ப்பக்கம் பதிலையும் அதன் தேதியையும் குறித்தார். நம் வலப்பக்கம் அங்கிருந்து வந்தது. ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று இடப்பக்கத்தில் எழுதினால் வலப்பக்கத்தில் எழுத எதுவுமே இராது. யாருக்கு, என்ன, எதற்கு என்று எழுதினால்தான் பதிலை அடையாளம் காண முடியும்.

மண்டிக் கணக்கு எழுதிப் பழகிய ஊரில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு. வலப்பக்கம் வரவுப் பக்கமாகிவிடும். மாதக் கடைசியில் ஆண்டவர் எங்களுக்குப் பாக்கி வைத்திருப்பார். அதனால் ‘கிடைத்தது’, ‘வேறு விதமாய்’, ‘இன்னும்’ என்ற மூன்று குறிப்புக்கு மேல் வைக்கவில்லை. கூட்டிப் பார்ப்பதையும் நிறுத்தினோம். மூன்று மாதம் முடிந்து நோட்டைத் திருப்பும்போது கவனிக்க வேண்டியது ‘வேறு விதமாய்’ என்ற பக்கங்களை. பல இடங்களில் விண்ணப்பமே நடுவில் மாறியிருக்கும். மருமகள் மாறக் கேட்டவர் நாலாம் வாரம் தன் நாக்குக்காகக் கேட்டிருப்பார். திருப்பிப் பார்ப்பது அரை மணிக்கு மேல் வேண்டாம். ‘தேவனே, என்னை ஆராய்ந்து’ என்ற 139ஆம் சங்கீத வசனத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மை நாமே ஆராய்ந்து, நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

எழுத வராதவர்களுக்கு

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இவர்களுக்காக, இயேசு சபைத் துறவியரின் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின், 1548-இல் அச்சான தியானப் பயிற்சியிலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். கத்தோலிக்கருடையது ஆயிற்றே என்று ஒரு கேள்வி வந்தது. கோடும் புள்ளியும்தானே என்றார் ஆயர் ஐயா, அதோடு முடிந்தது. வாரத்தின் ஏழு நாளுக்கும் இரண்டிரண்டு கோடு. காலையில் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், உதாரணமாகப் புறம் பேசுவது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அதுவரை விழுந்த தடவைக்கு மேல்கோட்டில் புள்ளி, ராத்திரி அதன் பிறகானவைக்குக் கீழ்க்கோட்டில் புள்ளி. விழும்போதே நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். கீழ்க்கோட்டை மேல்கோட்டோடும், இன்றைய நாளை நேற்றோடும் ஒப்பிட வேண்டும். குற்றம் ஒன்றாக இருப்பது முக்கியம். மூன்றை எடுத்தவர்களின் தாள் இரண்டாம் நாளே வாணலியில் கடுகு வெடித்தது போலாகிவிட்டது. எதிலும் தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளும் இயல்புள்ளவர்களுக்கு இந்த முறையைத் தருவதில்லை.

தீர்மானங்கள்

ஒன்று: ஆண்டவர் பேசுவது போலத் தன்மையில் ‘மகளே, நான் உனக்குச் சொல்கிறேன்’ என்று எழுதுவதில்லை. நம் ஆசைக்குப் பரலோகக் கையெழுத்து போட்டுக்கொள்ள அது வழியாகிவிடும். வசனம் ஒன்று மனதில் பட்டால் அதிகார எண்ணோடு அந்த வசனத்தையே எழுதலாம். இரண்டு கூட்டங்களில் பேசி, ஒருமனமில்லாமலே நிறைவேறிய தீர்மானம் இது. மாற்றுக் கருத்தும் பதிவில் இருக்கிறது.

இரண்டு: பிறர் நம்மிடம் ரகசியமாய்ச் சொன்ன பாவத்தை நோட்டில் எழுதுவதில்லை. வேண்டுதலில் பெயரின் முதல் எழுத்து போதும். பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடாது. சாட்சியாக இருந்தாலும் கூடாது.

மூன்று: ஒரே காயம் 14 நாள் தொடர்ந்து வந்து, எழுத எழுத ஆழமாகிக்கொண்டே போனால் நோட்டை மூடிவிட்டு ஆயரிடமோ மருத்துவரிடமோ போக வேண்டும். எழுதியே தீர்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் நினைக்கக் கூடாது.

வரும் ஆண்டு

2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. இதே 40 நாள் திட்டம்தான். ஒன்பதாம் நாளுக்கு முந்தின சனிக்கிழமை கூடுதலாக ஒரு கூட்டம் வைத்துக்கொள்கிறோம். ஜெல் பேனா வேண்டாம், இந்த ஆண்டு மழையில் நனைந்த நோட்டுகளில் மை பரவி இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. பால் பாயின்ட் போதும். நோட்டுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வலப்பக்கத்தைப் பால் கணக்குக்குப் பயன்படுத்துவதில்லை என்று பொருளாளரிடம் வாய்மொழியாகவாவது ஒப்புக்கொண்டு பெற்றுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
செயலாளர்