வாக்கர் வாங்கிவிடாதே, பானு

அன்புள்ள பானு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சாந்தியிடம் புலம்பினாயாமே. கைப்பிள்ளைக்காரியிடம் கணக்குக் கேட்கிற ஒரே ஆள் நீதான்! சரி, இது அவசரக் கடிதம். வரும்போது குட்டிக்கு உட்கார்ந்து உருட்டுகிற சக்கர வாக்கர் வாங்கி வரப் போகிறாய் என்றும் அதே சாந்திதான் சொன்னாள். வேண்டாம்டி.

அதில் உட்கார வைத்தால் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்று அத்தையில் தொடங்கி எதிர்வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்கிறார்கள். தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மாவிடமே கேட்டுவிட்டேன். "நடை தள்ளித்தான் போகும், தரையில் விடு" என்றார். கனடாவில் 2004-லேயே அதை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்களாம். எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? அடுப்பு, வாசல்படி, என் கத்தரி எல்லாம் பத்தடிக்குள். காலால் ஒரு உந்து உந்தினால் போதும், நான் எழுவதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவான்.

சாயப்பட்டறையில் இவருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. நான் வீட்டிலேயே டீ-ஷர்ட் பண்டல் வாங்கி நூல் பிசிர் வெட்டுகிறேன். பீஸ் கணக்கில் கூலி. அவன் சும்மா இருந்தால்தான் எனக்குக் காசு. சும்மா இருப்பானா, எட்டு மாதத்து ராஜா?

பொம்மைக்குப் பஞ்சமே இல்லை தெரியுமா? பிறந்த புதிதில் ஒரு அடிக்கு அப்பால் அவனுக்குச் சரியாகத் தெரியாது என்றார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வேஸ்ட் துணியை முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவேன், கண் கொட்டாமல் பார்ப்பான். இப்போது அதே துணியைச் சுருட்டி இறுக்கித் தைத்தால் பந்து. எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும் கொடுத்தால் தெருவுக்கே கச்சேரி. பாட்டிலில் அரிசி போட்டுக் கிலுகிலுப்பையும் செய்தேன். மூடி துளி தளர்ந்தாலும் தூர எறிந்துவிடுவேன், ஒரு மணி தொண்டையில் சிக்கினால் போச்சு.

கரண்டி விஷயம் கேள். கீழே போடுவான், எடுத்துக் கொடுப்பேன், மறுபடி போடுவான். அம்மாவை வேலை வாங்குகிறான் என்று எரிச்சல் வந்தது. முன்பெல்லாம் கண்ணுக்கு மறைந்தால் அந்தப் பொருளை மறந்தே போவான். இப்போது குனிந்து தேடுகிறான் பானு! மறைந்தாலும் அது அங்கேதான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. முறத்தால் மூடி வைக்கிறேன், தள்ளிவிட்டு எடுக்கிறான். அதிலேயே நாலு டீ-ஷர்ட் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் அவசர ஆர்டர். பக்கத்து வீட்டுப் பெண் போனில் கார்ட்டூன் பாட்டுப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அசையவில்லை, அழவில்லை. பாதி நேரத்தில் பண்டல் முடிந்தது. ஒரு வயது வரை திரையே காட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது எனக்கும் தெரியும். அவர்கள் யாரும் பிசிர் வெட்டுவதில்லையே! அன்று கிடைத்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அடுத்த அவசர ஆர்டருக்கு நானே போனைத் தேடுவேனோ என்று ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நல்லவேளை, என் போனில் இப்போது ரீசார்ஜ் இல்லை.

அதனால் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறு. சாயங்காலத்துக்குள் நான் பண்டல் கொடுத்தால்தான் கூலி. அதுவரை நீ அவனை மடியில் வைத்துச் சாய்ந்தாடம்மா பாடு. உன் குரலுக்கு அழுதால் நான் பொறுப்பில்லை, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கே உன்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். பழைய நூல் சேலை இரண்டு எடுத்து வா, தூளிச் சேலை நைந்துவிட்டது. வாக்கர் காசு உறுத்தினால் எனக்குப் பிரியாணி வாங்கி வா.

உன்,
செல்வி