டிடெக்டிவ் வந்து கேட்டால்: ராமேசுவரம், ஏர்வாடி, தேவிபட்டினம் லாட்ஜ் உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

வணக்கம்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நெரிசலில் ஒருவர் வரவேற்பு மேசைக்கு வந்து போனில் ஒரு போட்டோவைக் காட்டுவார். "இவர் இங்கே தங்கினாரா? கூட யார் வந்தது? கேமராவில் பார்க்கலாமா?" கழுத்தில் தொங்கும் அட்டை அவருடைய ஏஜென்சியே அச்சடித்தது. தனியார் துப்பறிவாளர்களை முறைப்படுத்த 2007-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (முறைப்படுத்தல்) சட்டம் காவலாளி அனுப்பும் நிறுவனங்களுக்கானது. அறை கேட்டு வரும் யாத்திரிகருக்கு இல்லாத எந்த அதிகாரமும் இவருக்குக் கிடையாது.

அக்னி தீர்த்தக் கரையிலோ ரத வீதியிலோ தள்ளி நின்று ஒருவரைக் கவனிப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. நிற்கட்டும். உங்கள் பதிவேடும், கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியும் ரத வீதி அல்ல.

"ரெண்டு நிமிஷ கிளிப்தானே" என்று பென்டிரைவை நீட்டுவார்கள். அதை விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, அதன் சீரியல் எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை போன்றது) எல்லாம் அதில் வரும். கருவிக்குப் பொறுப்பானவர் என்று கையெழுத்துக்கு உங்கள் மேனேஜரைத்தான் தேடி வருவார்கள். ஐந்நூறு ரூபாய்க்காகக் கொடுத்துவிட்டுக் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதும் அவர்தான்.

நீதிமன்றம் இதையெல்லாம் ஏற்காது என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரப் பட்டியலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. தம்பதியரின் ரகசிய உரையாடல் பதிவுகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அது அவர்கள் வழக்கு. விருந்தினரின் நம்பிக்கை உங்கள் பொறுப்பு.

போலீஸ் கேட்டால் கொடுங்கள், பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவின்படி எழுத்தில் வாங்கிக்கொண்டு, கேட்ட நேரத்துப் பதிவை மட்டும். டிவிஆரில் கேமரா பொருத்தியவர் வைத்துப் போன பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அவர் போனிலுள்ள ஆப் இணைப்பையும் நீக்குங்கள். பெரும்பாலான இடங்களில் ஓட்டை இதுதான். பதிவேட்டில் முந்தைய வரிகளை அட்டையால் மூடிவிட்டு நீட்டுங்கள். "204-ல அண்ணன் இருக்காரா?" என்று போன் வந்தால், "யார் தங்கியிருக்காங்கன்னு சொல்றதில்லைங்க, உங்க நம்பரைக் கொடுங்க" போதும், "இல்லை" என்பதும் ஒரு தகவல்தான்.

பார்க்கிங் காவலாளிக்கும் சொல்லி வையுங்கள். காந்தம் வைத்த ஜிபிஎஸ் கருவி தீப்பெட்டி அளவுதான், பம்பருக்கு உள்பக்கம் ஒட்ட சில விநாடி போதும். தன்னுடையதல்லாத காருக்கு அடியில் ஒருவர் குனிந்தால், வண்டிக்காரரை உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப வழக்குகள் நடத்தும் இராமநாதபுரம் மாவட்ட வழக்குரைஞர்கள் சிலர்