பந்தியில் பெரியவர்களுக்கும் ஒரு பானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணப் பந்தியிலும் திருவிழாவிலும் மது தொடாத பெரியவர்களுக்குக் கிடைப்பது ரோஸ் சிரப், அல்லது கலர் கலராகக் கேஸ் தண்ணி. இரண்டும் பிள்ளைகள் நாக்குக்கு ஏற்றவை. கூலாய் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக), 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இனிப்பு குறைந்து, புளிப்பும் காரமும் தூக்கலாக இருப்பதே அவர்களுக்குப் பிடிக்கிறது. பந்திக்குப் பொறுப்பெடுப்பவர்களும் கடைக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

பாட்டில் பானம் வாங்கினால் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். நம் மலேசியாவில் கேஸ் பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால்தான் வரி. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாக இருந்தது, 2025 ஜனவரியில் 90 காசானது. வரி விழாமலிருக்க 5 கிராமுக்குச் சற்றுக் கீழே நிறுத்திய பானமும் அரை லிட்டர் குடித்தால் ஏறக்குறைய 25 கிராம் ஆகிவிடும். ஒரு நாளைக்கே அதற்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இஞ்சிச் சோடா போல நீங்களே கலப்பது மேல். 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளை மாவு படியும். அதை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் இறுத்து, 60 கிராம் சர்க்கரை போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மாவோடு காய்ச்சினால் கஞ்சியாகும். நெடுநேரம் கொதித்தால் காரம் செத்துவிடும்.

ஒரு கிளாசுக்கு 30 மில்லி சாறு, இரண்டு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்த சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ், கடைசியாக 200 மில்லி வெறும் சோடா. சர்க்கரை 4 கிராமைத் தாண்டாது. சோடா நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும். சூடேறிய சோடாவில் கேஸ் நிற்காது. சக்கை மிதந்தால் சோடா ஊற்றியதும் நுரைத்து வழியும், ஆகவே லீமாவ் சாற்றையும் வடிகட்டுங்கள். அதை முன்கூட்டியே பிழிந்து வைத்தால் கசக்கும், பரிமாறும்போது பிழிவதே சரி. இஞ்சிச் சாற்றை முதல் நாளே தயாரித்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

விலைப்பலகையிலும் எழுதி வையுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர், கூலாய், ஜொகூர்